முதுகில் ஒரு டேங்க்கா, ரெண்டு டேங்க்கா?

தருமபுரி மாவட்டத்துக்காரனுக்கு ஸ்கூபா டைவிங்கோடு என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலுக்கு எங்களுக்கு அரை நாள் பயணம். இங்கே தண்ணீர் என்றால் கிணறு, ஏரி, அப்புறம் ஒகேனக்கல். ஆனாலும் நாற்பது வயசுக்கு மேல் வருகிற கிறுக்குகளில் ஒன்றாகப் புதுச்சேரிக்குப் போய் மூன்று நாள் டைவிங் பயிற்சி எடுத்தேன். படகில் எங்கள் எல்லாருக்கும் முதுகில் ஒரு டேங்க். ஒரே ஒருத்தர் மட்டும் ரெண்டு டேங்க்கை இரும்புப் பட்டை போட்டு ஒன்றாக மாட்டியிருந்தார். "எனக்கும் ரெண்டு குடுங்களேன், பாதுகாப்பா இருக்குமே" என்றேன். பயிற்சியாளர், "சார், உங்களுக்கு அது ஆபத்து" என்றார்.

சாஃப்ட்வேரில் இருபது வருஷமாக எதையும் ரெண்டாக வைப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். ரெண்டு சர்வர், ரெண்டு டிஸ்க், ரெண்டு ஊரில் பேக்கப். ரெண்டாக இருப்பது எப்படி ஆபத்தாகும் என்று தேடப் போய் ஒரு நீளமான வரலாறு கிடைத்தது. அதில் தூத்துக்குடி வருகிறது, பிரான்ஸ் வருகிறது, எங்க ஊர்க் கிணறும் வருகிறது.

டேங்க் எதுவும் இல்லாத காலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி படிந்து கிடக்கும் கடலடிப் பாறைத்திட்டுக்குப் பெயர் 'பார்'. தூத்துக்குடிக்கு எதிரே தோலாயிரம் பார் மாதிரி பேர்போன பார்கள் உண்டு. டைவிங்கில் காற்றழுத்தத்தை அளக்கும் அலகின் பெயரும் பார்தான். குழப்பம் வராமலிருக்க, கட்டுரை முழுக்க முத்து விளையும் இடத்தை முத்துப்பார் என்றே எழுதுகிறேன். இந்த முத்துப்பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. அங்கே முத்துக்குளித்தவர்கள் மூச்சை மட்டும் நம்பி இறங்கினார்கள். காலில் கட்டிய கல்லோடு கீழே போய், சுமார் ஒரு நிமிஷத்துக்குள் கிடைத்ததை வலைப்பையில் வாரிப் போட்டுக்கொண்டு, கயிற்றை இழுத்து சைகை கொடுத்து மேலே வருவார்கள்.

இந்த ஏற்பாட்டில் என் கண்ணில் பட்டது ஆள்கணக்கு. பிரிட்டிஷ் காலக் குறிப்புகளின்படி, இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பில் ஒரு படகுக்கு வழக்கமாக ஐந்து கல், பத்து குளியாள். ஒரு கல்லுக்கு ரெண்டு பேர். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். பிறகு முறை மாறும். கயிற்றைப் பிடித்து நிற்க மேலே தனி ஆட்கள். கீழே காற்றைக் கூட்ட முடியாத காலத்தில், ஆளை ரெட்டித்திருக்கிறார்கள். கல் ஒன்றுதான், மூச்சு ரெண்டு. என் தொழில் பாஷையில் சொன்னால் இதுவும் ஒருவகை ரிடண்டன்சி. ஆனால் கீழே இருப்பவருக்கு அதனால் நேரடி உதவி எதுவும் இல்லை. அவருக்கு இருப்பது அந்த ஒரு மூச்சும், கயிற்றின் மறுமுனையில் இருப்பவரின் கவனமும்தான்.

மூச்சுக் கருவியோடு இந்த முத்துப்பார்களை ஆராயும் வேலை 1950-களின் கடைசியில் தொடங்கியது. தூத்துக்குடியில் 1955-லிருந்து தொடர்ச்சியாக முத்துக்குளிப்பு நடந்துகொண்டிருந்த சமயம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு சார்பில் வந்த பஸ்கியேரி-சால்வடோரி என்ற இத்தாலிய நிபுணர், முத்துப்பார்களையும் சங்குப் படுகைகளையும் நீருக்கடியில் ஆய்வு செய்து இந்திய அரசுக்கு 1960-ல் அறிக்கை கொடுத்தார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்.மகாதேவன், கே.நாகப்பன் நாயர் இருவரும் தாங்களே இறங்கி முத்துப்பார்களின் சூழலைப் பதிவு செய்தார்கள். அதற்கு முன் படகில் இருந்தபடி, குளியாள் கொண்டுவரும் சிப்பியை எண்ணித்தான் கீழே என்ன இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது விஞ்ஞானி தானே போய்ப் பார்க்கலாம். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதோடு சரி. அதனால் அந்த இருவரின் குறிப்புகளுக்கு மதிப்பு கூடிவிட்டது.

சரி, அந்த ஆழத்தில் வேலை செய்ய எத்தனை டேங்க் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமானதில்லை.

இன்று உலகம் முழுக்க வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண அலுமினிய டேங்க் 11 லிட்டர் கொள்ளளவு. அதில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்தால், வெளியே 2,200 லிட்டர் இடத்தைப் பிடிக்கும் காற்று உள்ளே இருக்கிறது. நிதானமாக இருக்கும் ஒருவர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே இருந்தால் 110 நிமிஷம் வரும். ஆனால் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் ரெட்டிப்பு, இருபது மீட்டரில் மூன்று மடங்கு. ஒவ்வொரு மூச்சிலும் அத்தனை மடங்கு காற்று போகும். ஆக 20 மீட்டரில் நிமிஷத்துக்கு 60 லிட்டர். கடைசி 50 பாரைத் தொடக்கூடாது என்பது வழக்கம், அதைக் கழித்தால் மிச்சம் 1,650 லிட்டர். வகுத்தால் 27 நிமிஷம்.

இப்போது இன்னொரு கடிகாரம். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. ஓர் அளவுக்கு மேல் கரைந்துவிட்டால் நேராக மேலே வர முடியாது. வழியில் நின்று நின்று வரவேண்டும். இல்லாவிட்டால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டுவலியில் ஆரம்பித்து முடக்குவாதம், மரணம் வரைக்கும் போகலாம். பொழுதுபோக்கு டைவிங் அட்டவணைகளில் 20 மீட்டருக்கு இந்தக் கெடு 45 நிமிஷம் என்ற அளவில் இருக்கிறது.

ரெண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒற்றை டேங்க் என்றால் 27-ஆவது நிமிஷத்தில் காற்று உங்களை மேலே துரத்திவிடும். நைட்ரஜன் கெடு இன்னும் பாக்கி. ரெட்டை டேங்க் என்றால் 55 நிமிஷம் வரை காற்று இருக்கும். 45-ஆவது நிமிஷத்தில் கெடு முடிந்துபோய், கையில் காற்று மிச்சம் இருக்கிறதே என்ற தைரியத்தில் கீழேயே இருப்பீர்கள். பயிற்சியாளர் ஆபத்து என்று சொன்னதன் அர்த்தம் எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் விளங்கியது. ஒற்றை டேங்க் யாரும் திட்டமிடாமலே ஒரு காவல்காரன் வேலையைச் செய்கிறது. முதல் முழுக்குக்கு மட்டும், அதுவும் ஆழம் குறைவான இடத்தில். இதை அடிக்கோடிட்டுச் சொல்லணும். ஏனென்றால் மேலே வந்து இன்னொரு ஒற்றை டேங்க்கை மாட்டிக்கொண்டு உடனே இறங்கினால், பழைய நைட்ரஜன் உடம்பில் அப்படியே இருக்கும். முதுகில் ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் உடம்பின் கணக்கில் ரெண்டு.

இது வெறும் தியரி இல்லை. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ், நிகரகுவா கரையோரத்தில் மிஸ்கிட்டோ என்ற பூர்வகுடி மக்கள் சிங்கிறால் பிடிக்க ஸ்கூபா டேங்க்கோடு இறங்குகிறார்கள். ஒற்றை டேங்க்தான். ஆனால் ஒரே நாளில் பத்துக்கும் மேல். ஆழ அளவி கிடையாது, அட்டவணை கிடையாது, இறால் எடைக்கு ஏற்பக் கூலி. நூற்றுக்கணக்கான வாலிபர்கள் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போயிருக்கிறார்கள். மூச்சைப் பிடித்து முழுகிய காலத்தில் நுரையீரல் போட்டிருந்த எல்லை, டேங்க் வந்ததும் காணாமல் போய்விட்டது. புதிய எல்லை என்ன என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. டைவிங் வரலாறு எழுதுபவர்கள் கூஸ்தோவுக்கு ஒதுக்கும் பக்கங்களில் நாலில் ஒரு பங்காவது இவர்களுக்கு ஒதுக்கியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

கூஸ்தோ பெயர் வந்துவிட்டது. ரெட்டை டேங்க் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரிடம்தான் போகவேண்டும். 1943, ஜெர்மனி பிடியில் பிரான்ஸ். பெட்ரோல் இல்லாமல் கார்களை வாயுவில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊரிலும் அதே போர்க்காலத்தில் கரிவாயு பஸ் ஓடியதைத் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஏர் லிக்கீட் கம்பெனியின் இன்ஜினியர் எமில் கான்யான், இன்ஜின் உறிஞ்சும் அளவுக்கு மட்டும் வாயுவைத் திறந்துவிடும் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவுக்கு வேண்டியதும் அதுதான், கார் இன்ஜினுக்குப் பதில் மனுஷ நுரையீரல். இருவரும் சேர்ந்து செய்த கருவிக்கு அக்வாலங் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வருஷம் கூஸ்தோ மத்தியதரைக் கடலில் இறங்கிய முதல் கருவியில் இருந்தது ஒன்றுமில்லை, ரெண்டுமில்லை, மூன்று சிலிண்டர். அப்போது கிடைத்தவை சின்ன சின்ன சிலிண்டர்கள். போதுமான காற்று வேண்டுமென்றால் சேர்த்துக் கட்டவேண்டும், அவ்வளவுதான் காரணம். மூன்று சிலிண்டரும் ஒரு குழாயில் சேர்ந்து, ஒரே ரெகுலேட்டர் வழியாக வாய்க்கு வந்தன. அந்த ரெகுலேட்டர் மக்கர் பண்ணினால் மூன்று சிலிண்டரும் முதுகில் தொங்கும் வெறும் பாரம். பின்னால் 1950-களில் அமெரிக்காவில் ரெட்டை டேங்க் விற்பனைக்கு வந்தபோதும் இதே அமைப்புதான்: ரெண்டு டேங்க், ஒரு வழி. நம்ம ஆட்கள் ரெண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, ரெண்டையும் ஒரே பழைய பவர் சப்ளையில் மாட்டுகிற மாதிரி.

அந்தக் காலத்தில் டேங்க்கில் எவ்வளவு மிச்சம் என்று கீழே இருக்கும்போது காட்டும் மீட்டர்கூடப் பரவலாக இல்லை. அதற்குப் பதில் ஜே-வால்வு என்று ஒன்று. காற்று குறைந்து சுமார் 20 பாருக்கு வந்ததும் உள்ளே ஒரு ஸ்பிரிங் வழியை இறுக்கும். மூச்சு கனக்கும். பின்னால் கையை விட்டுக் கம்பியை இழுத்தால் மிச்சக் காற்று வரும். பழைய ஸ்கூட்டரில் வண்டி இருமியதும் குனிந்து ரிசர்வில் போடுவோமே, அச்சு அசல் அதே தத்துவம். அதே கோளாறும் உண்டு: ஸ்கூட்டரில் ஏற்கனவே ரிசர்வில் கிடந்தால் நடுரோட்டில் தள்ளவேண்டியதுதான். டைவருக்கு அந்தக் கம்பி பாசியிலோ கயிற்றிலோ மாட்டி முன்னாடியே இறங்கியிருந்தால், எச்சரிக்கையே இல்லாமல் காற்று நின்றுவிடும். ஜே என்பதற்குப் பெரிய அர்த்தமெல்லாம் இல்லை. யு.எஸ். டைவர்ஸ் கம்பெனியின் பொருள் பட்டியலில் அது ஜே என்ற எழுத்தில் இருந்தது. ரிசர்வ் இல்லாத சாதா வால்வு கே.

இனி என்னை மிகவும் யோசிக்க வைத்த சம்பவம். 1946 ஆகஸ்ட் 27. தெற்கு பிரான்சில் ஃபோந்தேன் தெ வொக்ளூஸ் என்று ஓர் ஊற்று. மலையடியில் குகைபோல இறங்கி, ஆழம் தெரியாமல் போகும் நீர்ச்சுனை. கூஸ்தோவும் அவர் தோழர் பிரெடெரிக் டூமாவும் அதற்குள் இறங்கினார்கள். கீழே போகப் போக இருவருக்கும் புத்தி மந்தமாகி, கை கால் சொன்னபடி கேட்காமல், கயிறு சைகை குழம்பி, எப்படியோ உயிரோடு வெளியே வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி. பிறகு ஆராய்ந்தபோது காற்றிலேயே கோளாறு என்று தெரிந்தது. டேங்க்கில் காற்றடைத்த கம்ப்ரசர், தன் இன்ஜின் புகையைத் தானே உறிஞ்சி உள்ளே அடைத்திருக்கிறது. சிலிண்டருக்குள் கார்பன் மோனாக்சைடு. மேலே அற்ப அளவாக இருப்பது, ஆழத்தில் அழுத்தத்துக்கு ஏற்பப் பல மடங்கு வேலை காட்டும்.

தருமபுரிக்காரனுக்கு இந்தக் கதை புதுசில்லை. மின்மோட்டார் எல்லாருக்கும் வருவதற்கு முன், எங்கள் பக்கம் கிணற்றில் ஆயில் இன்ஜின்தான். மேலே இருக்கும் பம்பு ஏழு மீட்டர் வாக்கில் இருக்கும் தண்ணீரைத்தான் உறிஞ்சும், அதுக்கு மேல் முடியாது. காற்றழுத்தத்தின் கணக்கு அது, பம்பு கம்பெனியின் தப்பில்லை. நீர்மட்டம் இறங்க இறங்க இன்ஜினையும் கிணற்றுக்குள்ளேயே ஒரு திட்டு வெட்டி இறக்குவார்கள். புகை மேலே ஏறாமல் உள்ளே தங்கும். புட்வால்வைப் பார்க்க ஒருவர் இறங்கி மயங்குவார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் மயங்குவார். கிணற்றில் விஷவாயு, அடுத்தடுத்து இருவர் பலி என்று பேப்பரில் வரும் செய்திகளில் பல இந்த வகைதான். சித்தப்பா ஒருவர் சின்ன வயதில் எனக்குச் சொன்னது: "ஒருத்தன் உளுந்துட்டா ரெண்டாவது ஆளு எறங்கக்கூடாதுடா, மொதல்ல இன்ஜின நிறுத்தணும்." வொக்ளூஸில் இரண்டு டைவர் இருந்தும் பயனில்லாமல் போனதற்கும் இதற்கும் வேர் ஒன்றே. ஒரே கம்ப்ரசரில் அடைத்த காற்று ரெண்டு டேங்க்கில் இருந்தால் என்ன, பத்து டேங்க்கில் இருந்தால் என்ன? எண்ணிக்கையால் போகாத கோளாறு இது. எங்கள் துறையில் ரெண்டு சர்வரிலும் ஒரே பிழையுள்ள புரோகிராமை ஏற்றிவிட்டு, ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்று நம்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரெட்டை டேங்க்குக்கு உண்மையான அர்த்தம் கொடுத்தவர்கள் குகை டைவர்கள். கடலில் கோளாறு என்றால், நைட்ரஜன் கெடு தாண்டாத வரை, மேலே போய்விடலாம். தலைக்கு மேல் வானம் இருக்கிறது. குகையில் தலைக்கு மேல் பாறை. வந்த வழியே நூற்றுக்கணக்கான மீட்டர் திரும்பிப் போனால்தான் மூச்சு. அமெரிக்காவின் ஃபுளோரிடா முழுக்கச் சுண்ணாம்புக்கல் பூமி, அடியில் நீர் நிறைந்த குகைகள். எங்கள் தருமபுரிப் பாறை அப்படிக் கரையாது, அதனால் இங்கே அந்த ஆசைக்கு வழியில்லை. 1960, 70-களில் அந்தக் குகைகளில் ஏகப்பட்டவர்கள் செத்தார்கள், அனுபவசாலிகள் உட்பட.

ஷெக் எக்ஸ்லி என்ற குகை டைவர் அந்தச் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது தவறியதால் நடந்தது என்று பிரித்து 1979-ல் ஒரு சின்ன கையேடு போட்டார். எனக்குப் பிடித்த வகைப் புத்தகம். விபத்தைக் கதையாகச் சொல்லாமல், பிழை அறிக்கை மாதிரி பிரித்து வைப்பது. வாசலிலிருந்து அறுபடாத வழிக்கயிறு, ஆழ எல்லை, மூன்றில் ஒரு பங்கு விதி ஆகியவை அதில் முக்கியம். மூன்றில் ஒரு பங்கு என்றால், உள்ளே போக ஒரு பங்கு காற்று, திரும்பி வர ஒரு பங்கு, மூன்றாவது பங்கை எதற்கும் தொடாமல் வைத்திருப்பது. குகையின் கடைசிப் புள்ளியில் கூட்டாளியின் கருவி முழுசாகச் செயலிழந்தாலும் ரெண்டு பேரும் ஒருவர் காற்றில் வெளியே வர அந்த மூன்றாவது பங்கு. 'என் காற்று' என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி பக்கத்தில் வருகிறவருடையது.

இந்த விதி ஒற்றை டேங்க்கில் கட்டுப்படியாகாது. 2,200 லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு 730 லிட்டர், 20 மீட்டர் ஆழத்தில் பன்னிரண்டே நிமிஷம். அதனால் ரெட்டை. ஆனால் ஒரே வழி உள்ள பழைய ரெட்டை இல்லை. 1970-ஐ ஒட்டி, பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் நீலக்குழிகளை ஆராய்ந்துகொண்டிருந்த கனடாக்காரர் ஜார்ஜ் பெஞ்சமின் பெயரில் ஒரு மேனிஃபோல்டு வந்தது. ரெண்டு டேங்க்கையும் இணைக்கும் குழாயில் ரெண்டு வெளிவழி, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, தனி ரெகுலேட்டர். ஒரு ரெகுலேட்டர் பீய்ச்ச ஆரம்பித்தால் அந்த வால்வை மூடிவிடலாம், மற்றது வழியாக ரெண்டு டேங்க் காற்றும் கிடைக்கும்.

ஆனால் இணைப்புக் குழாயோ, டேங்க்கின் கழுத்து ஓ-ரிங்கோ போனால் ரெண்டு டேங்க்கும் சேர்ந்து காலியாகும். அதற்காக நடுவில் இன்னொரு வால்வு வைத்த மேனிஃபோல்டு 1990-களில் பரவியது. ஆபத்தென்றால் நடு வால்வை மூடி பாதிக் காற்றைக் காப்பாற்றலாம். இங்கேதான் வேடிக்கை. அந்த நடு வால்வு தெரியாமல் மூடிக் கிடந்தால், காற்றடைக்கும்போது ஒரு டேங்க்தான் நிரம்பும். மீட்டர் மாட்டிய டேங்க் நிரம்பியிருந்து, மூச்சு விடும் டேங்க் காலியாகிக்கொண்டிருந்தால் மீட்டர் முள் அசையவே அசையாது. இன்னும் நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போகவேண்டியதுதான். பாதுகாப்புக்காகச் சேர்த்த பாகமே புதிய ஓட்டையாவது எங்கள் துறையில் தினசரிக் கதை. சேர்க்கும்போது கைதட்டுவார்கள், அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது.

டைவர்கள் சோதிக்கிறார்கள், அதைச் சொல்லணும். தலைக்குப் பின்னால் கையை மடக்கி மூன்று வால்வையும் தடவித் தடவி மூடித் திறக்கும் பயிற்சியை, ரெட்டை டேங்க் போடுகிறவர்கள் அடிக்கடி செய்கிறார்கள். கை எட்டாதவருக்கு அந்த ஏற்பாடு எல்லாம் காகிதத்தில்தான். இருபது வருஷம் கீபோர்டில் கிடந்த என் தோள்பட்டை, மேல் ஷெல்ஃபில் இருக்கும் டப்பாவை எடுக்கவே முனகுகிறது. எடையும் இருக்கிறது. நிரப்பிய அலுமினிய டேங்க் ஒன்று 17 கிலோ வாக்கில். ரெண்டு, பட்டை, மேனிஃபோல்டு எல்லாம் சேர்த்தால் முப்பத்தைந்துக்கு மேல். ஆடும் படகில் இதை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பதும், ஏணியில் ஏறுவதும் விளையாட்டில்லை.

இன்னொரு பாதையும் உண்டு. இங்கிலாந்தின் குறுகலான நீர்க்குகைகளில் முதுகில் டேங்க் இருந்தால் நுழையவே முடியாது. அங்கே டேங்க்கை விலாப்பக்கம் தொங்கவிட ஆரம்பித்தார்கள். பக்கத்துக்கு ஒன்று, ரெண்டுக்கும் இணைப்பே இல்லை, தனித்தனி ரெகுலேட்டர், தனித்தனி மீட்டர். வால்வுகள் கண்ணெதிரே. வாயில் வைக்கும் ரெகுலேட்டரை மாற்றி மாற்றி ரெண்டு டேங்க்கையும் சமமாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டிய வேலை மட்டும் கூடுதல். 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்கள் பயிற்சியாளரும் சிக்கியபோது, ஜூலை 2-ஆம் தேதி அவர்களைக் கண்டுபிடித்த ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் இருவரும் இந்த மரபில் வந்தவர்கள். அதே குகையில், வழியில் வைப்பதற்கான காற்று டேங்க்குகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது சமன் குனான் என்ற முன்னாள் தாய்க் கடற்படை வீரர் ஜூலை 6-ஆம் தேதி இறந்துபோனார்.

நம் கரைக்குத் திரும்புகிறேன். பூம்புகார், தரங்கம்பாடிக் கடலில் தேசியக் கடலாய்வு நிறுவனம் எஸ்.ஆர்.ராவ் தலைமையில் 1981-லிருந்து தேடியது. 1991-ல் கரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாடம் மாதிரி ஒரு அமைப்பு சோனாரில் தெரிந்தது. டைவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். சுற்றளவு 85 மீட்டர், உயரம் 2 மீட்டர். 2001-ல் கிரஹாம் ஹேன்காக் டிவி குழுவோடு வந்து, பனியுகக் கடைசியில் மூழ்கிய நகரம் என்று உலகம் முழுக்கப் பேசினார். எனக்கு அந்த முடிவில் நம்பிக்கையில்லை. ஆழத்தைக் கடல்மட்ட வரைபடத்தோடு பொருத்தி வயசு சொல்வது மட்டும் ஆதாரமாகாது, மனிதர் கட்டியதுதான் என்று முதலில் நிறுவணும்.

நிறுவ எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று டேங்க் கணக்கில் பார்த்தால் நிலைமை புரியும். 23 மீட்டரில் நிமிஷத்துக்கு 66 லிட்டர். ஒற்றை டேங்க்கில் 50 பார் ஒதுக்கியது போக 25 நிமிஷம். இறங்கவும் ஏறவும் கழித்தால் இருபதுக்குக் கீழே. அதற்குள் கலங்கிய தண்ணீரில் 85 மீட்டரைச் சுற்றி டேப் பிடிக்கணும், வரையணும், படிந்த பாசியைச் சுரண்டிப் பார்க்கணும். ரெட்டை டேங்க் போட்டால் 50 நிமிஷம், ஆனால் அந்த ஆழத்தில் நைட்ரஜன் கெடு 35 நிமிஷத்தை ஒட்டி முடிந்துவிடும். நிறுத்தி நிறுத்தி ஏறும் திட்டம், மேலே நங்கூரமிட்ட படகு, பக்கத்தில் அழுத்த அறை எல்லாம் வேண்டும்.

இந்த மாதிரி இடத்துக்கு நான் கேட்டால் பெரிய ஒற்றை டேங்க், 15 லிட்டர், அதோடு 3 லிட்டரில் குட்டி டேங்க் ஒன்று தனி ரெகுலேட்டரோடு. குட்டி டேங்க்கில் 600 லிட்டர். 23 மீட்டரிலிருந்து நிதானமாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நின்று வருவதற்கு, பதற்றத்தில் மூச்சு ரெட்டிப்பானாலும் 400 லிட்டர் போதும். ரெண்டையும் வேறு வேறு நாளில், வேறு கம்ப்ரசரில் நிரப்ப முடிந்தால் இன்னும் நல்லது. புதுச்சேரிப் பயிற்சியாளரிடம் இதைப் போனில் சொன்னேன். "நிரப்பின இடத்துல இன்ஜின் புகைக்குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு முதல்ல பாருங்க சார்" என்றார்.